மதினி கட்டிய நீர்மட்டம்

எங்கள் மதினிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். எதையாவது எடுத்து, அது இருக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வாள். நாம்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். புரியவில்லையென்றாலும் அவள் விளக்கம் சொல்ல மாட்டாள். வைத்தது வைத்தபடி இருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிது. அண்ணன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நான் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுச் சாப்பிடுவதுதான் அம்மாவின் பழக்கம். அதைப் பழக்கம் என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை. அம்மா அப்படித்தான், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதினி நான்கு தட்டு வைத்தாள். மூன்று தட்டில் அடிப்பிடித்த சோறு, மேலாகத் தெளிந்த ரசம், தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக முதல் நாள் குழம்பில் கிடந்த இரண்டு கத்தரிக்காய்த் துண்டு. நாலாவது தட்டில் ஆவி பறக்கிற சோறும் கறிக்குழம்பும். அந்தத் தட்டை அம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

"என்ன இது?" என்றான் அண்ணன்.

மதினி தன் தட்டின் முன் உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தாள். நான் என் தட்டையும் அம்மாவின் தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவன் காது சிவந்துபோனது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். எங்களைவிட அம்மாவுக்குத்தான் கோபம்.

"ஏலே, எம் மானத்த வாங்குறதுக்கா இவளக் கட்டிட்டு வந்த?" என்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மதினி அந்தத் தட்டை மூடி வைத்தாள். சாயங்காலம் அது காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மாவுக்கு அதில் கடைசிவரை ஒரு கூச்சம் இருந்தது.

மதினி ஊமை இல்லை. அடுப்படியில் உட்கார்ந்தால் சினிமா, சித்தி வீட்டுச் சண்டை, மெட்ராஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கதை எல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். ஒரு விஷயம் தப்பு என்று அவளுக்குப் பட்டுவிட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அவள் மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். பூவும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக் கொடுக்கிற வேலை.

அந்தப் பள்ளியில் கக்கூசுகளுக்குக் கதவு கிடையாது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் போய், ஒருத்தி தாவணியை விரித்துப் பிடிக்க மற்றவள் உள்ளே போக வேண்டும். பல பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு மைதானத்தை அலங்கரிக்கிற பொறுப்பு மதினிக்கு வந்தது. அவள் பழைய சாமான் கடையில் ஒரு கதவை நிலையோடு வாங்கி வந்து, மைதானத்தின் நட்டநடுவில் நிறுத்தினாள். சுவர் இல்லை, கூரை இல்லை, முன்னாலும் பின்னாலும் வெறும் மண். கதவு மட்டும் தாழ்ப்பாளோடு நின்றது.

தலைமை விருந்தாளியாக வந்தவர் அதைத் திறந்து, நுழைந்து, சாத்திவிட்டுப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். கல்வி என்னும் கதவை இந்தப் பள்ளி திறந்து வைத்திருக்கிறது என்று மைக்கில் பேசினார். வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலில் ஒரு வரிசை, பிறகு அடுத்த வரிசை. தலைமையாசிரியை திரும்பி மாணவிகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அப்புறம் மேடையிலேயே தலையைக் குனிந்துகொண்டார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கக்கூசுகளுக்குக் கதவு இருந்தது. தகரக் கதவுதான். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது.

எல்லாமே இப்படிப் பலித்துவிடவில்லை. அண்ணன் குடித்துப் போட்ட சிகரெட் துண்டுகளையெல்லாம் சேர்த்து மாலையாகக் கோத்து அவன் சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தெருமுனைக்குப் போய்ப் பற்றவைத்துக்கொண்டான்.

இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன் சென்னையில் என் மகள் ஒரு காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு பெரிய அறை முழுக்க ஆற்றில் பொறுக்கிய பிளாஸ்டிக் பாட்டில்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். குனிந்து, ஒதுங்கித்தான் நடக்க முடிந்தது. நிறுவல் கலை, இன்ஸ்டலேஷன் என்று பக்கத்தில் அட்டையில் எழுதி, அந்த ஆறு எப்படிக் கெட்டுப்போனது என்று ஒரு பக்கத்துக்கு விளக்கமும் போட்டிருந்தார்கள். அன்றைக்கே மதினிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பேரெல்லாம் வச்சிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, "விளக்கம் எதுக்கு?" என்றாள்.

அவளும் ஒருமுறை விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அது. மழை பொய்த்து, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குளம் பல வருஷமாகக் காய்ந்து கிடந்தது. கிரிக்கெட் விளையாடுவார்கள், மாடு மேய்ப்பார்கள், எருமுட்டை காயப் போடுவார்கள். கரையை ஒட்டிய பள்ளத்தில் குடிசைகள் வந்தன. வேடசந்தூர்ப் பக்கத்து ஊர்களில் கிணறு வற்றிப்போய்க் கட்டட வேலைக்கு இங்கே வந்த ஜனங்கள். எதிர்ப்பக்கம், ரோட்டை ஒட்டி, குளத்துக்குள்ளேயே ஒருத்தர் எப்படியோ பத்திரம் தயார் பண்ணிப் பிளாட் போட்டார். மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, 'நகர்' என்று போர்டும் வைத்தாகிவிட்டது. அண்ணன் அதில் ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மிக்சர் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"சொந்த வீடு. ரெண்டு ஜன்னல் மலைக்கோட்டையப் பாக்க வைக்கணும்," என்றான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. எதையோ எங்கேயோ வைக்கப்போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது.

பிறகு, பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்று அண்ணனிடம் மில்லின் கழிவு நூல் கேட்டாள். அவன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டான். சின்னாளபட்டியில் அவளுக்குத் தெரிந்த சாயப் பட்டறையில் அத்தனையையும் நீலமாகத் தோய்த்து வாங்கி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னை எழுப்பி, "செத்த நேரம் கூட வா," என்றாள். அந்தச் செத்த நேரம் பொழுது சாய்கிறவரை போனது.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கு ஒரு கல் திட்டு உண்டு. மறுகால் என்பார்கள். அந்தத் திட்டின் உச்சிதான் நிறைகுளத்தின் மட்டம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற நீள ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் திட்டின் உச்சியில் என்னைப் பிடிக்கச் சொன்னாள். மறு முனையைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கருவேல மரத்தில் வைத்து, தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டாள். அந்த உயரத்தில் நூலைக் கட்டினாள். அங்கிருந்து அடுத்த மரம். மரம் இல்லாத இடத்தில் சவுக்குக் கம்பு. இப்படியே குளத்துக்குக் குறுக்கும் நெடுக்கும், சாயங்காலத்துக்குள் எங்கே பார்த்தாலும் நீல நூல் ஒரே மட்டத்தில் ஓடியது. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து அலைபோல அசைந்தது. குடிசைகளுக்கு அது கூரைக்கும் மேலே போனது. பிளாட்டுகளில் ஓர் ஆளின் கழுத்தளவுக்கு.

ஜனங்கள் வந்தார்கள். என்ன, ஏது என்று கேட்டார்கள். மதினி கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். கேட்டவர்கள் நூலுக்கு அடியில் நடந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நடையே மாறியது. கையை மேலே தூக்கி எட்டுகிறதா என்று பார்த்தார்கள்; எட்டாதவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

குடிசைக்காரர்களில் பேச்சியம்மா என்று ஒருத்தி. சித்தாள் வேலை பார்ப்பாள், கோழி வளர்ப்பாள். இடுப்புப் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நூலைத் தொடவைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. பிள்ளையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மதினியைத் திரும்பிப் பார்த்தாள்.

பிளாட் புரோக்கர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏம்மா, இந்தக் குளத்துல தண்ணி வந்து எம்புட்டு வருசம் ஆச்சு? யாவாரத்தைக் கெடுக்கவா வந்திருக்க?" என்று கத்தினார். மதினி அவரையும் நூலையும் பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்கும் ஷிப்டுக்குப் போயிருந்த அண்ணன் மில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே வந்தான். தன் மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றான். தான் கொண்டுவந்து கொடுத்த நூல் அவன் கழுத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னாக் கேட்டிருப்பீங்களா?"

"கேக்காமக்கூட இருந்திருப்பேன். நீ சொல்லியிருக்கணும்ல. ஊரோட சேத்து எனக்கும் வேடிக்கை காட்டுற?"

மதினிக்கு முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதை விட்டுவிட்டான். மறுநாளே புரோக்கரிடம் போய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான் என்பது வேறு விஷயம். அவன் கோபம் பிளாட்டைப் பற்றியது இல்லை.

அந்த வாரமே ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கரைமேல் நின்று பார்த்தார். நல்ல காரியம் பண்ணியிருக்கிறார்கள், யார் செய்தது என்று விசாரித்தார். நூலுக்குள் வருகிற குடிசைகளையெல்லாம் உடனே அகற்றிவிட வேண்டும் என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பிளாட்டுகள் பத்திரம் உள்ள விவகாரம், அதைப் பிறகு பார்க்கலாமாம்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை.

"டீச்சர், நூல் கட்டுனது எங்கள வெரட்டவா?"

மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மா செத்த நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் காலையில் மதினி குளத்துக்குப் போய் நூலை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன். அவசரத்தில் நூல் சிக்கிக்கொண்டே இருந்தது. குடிசையிலிருந்து பேச்சியம்மா பார்த்துவிட்டு வேகமாக வந்து கையைப் பிடித்தாள்.

"எதுக்குக் கழட்டுற? கழட்டிட்டா தண்ணி வராமப் போயிருமா? நேத்து ராவெல்லாம் எம் புள்ளையப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இங்கன இருக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. போக எடம் வேணும். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாகளாம்ல, எங்களோட வந்து பேசு."

"எனக்குப் பேச வராதே, பேச்சியம்மா."

"எனக்கு மட்டும் வருமாக்கும்? வா."

திண்டுக்கல் தனி மாவட்டமான புதிது. திங்கள்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பேச்சியம்மாவும் குடிசைப் பெண்கள் நாலைந்து பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தார்கள். மதினி வழியெல்லாம் முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள். உள்ளே மேஜைக்குப் பின்னால், ஜீப்பில் வந்த அதே அதிகாரி.

"சார், அந்த நூல்... நாந்தான் கட்டினேன்," என்று ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்சில் லைன் சரியில்லாதபோது கேட்கிற குரல்போல விட்டு விட்டு வந்தது. "அது குடிசைக்கு மேல மட்டும் போகலை சார். பிளாட்டு மேலயும் போகுது. அதுல ஒண்ணு எங்க வீட்டுக்காரர் வாங்க இருந்தது. தண்ணி வந்தா பத்திரம் இருக்கா இல்லையான்னு பாத்தா வரும்?"

"பிளாட்டு விவகாரம் வேறம்மா. இவங்க உயிருக்கு ஆபத்துன்னுதானே அகற்றச் சொல்றேன்?"

"ஆபத்துன்னு சொல்றீங்க. போகச் சொல்றீங்க. எங்க போகன்னு சொல்லலையே சார்?"

அதிகாரி பேனாவை மூடினார். மதினியின் மேலுதட்டில் வியர்வை நின்றது. ஆனாலும் நகரவில்லை. "நான் கட்டின நூலை வச்சு இவங்களைத் தெருவுல நிறுத்துனா, அதுக்கு நாந்தான் சார் பொறுப்பு. என்னால அதோட இருக்க முடியாது," என்றாள். இந்தத் தடவை குரல் உடையவில்லை.

பேச்சியம்மா சட்டென்று முன்னால் வந்தாள். "ரோட்டுக்கு மேக்க மேடு சும்மாத்தான சாமி கெடக்கு? அங்கன ஒண்டிக்கிறோம்."

அதிகாரி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "புறம்போக்குதான் சார்," என்றார் அவர். அதிகாரி மனுவை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"சரி, போய் இருங்க. பட்டா கிட்டான்னு இப்பக் கேக்கக்கூடாது."

வெளியே வந்ததும் மதினி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்த வாரமே கூரையைப் பிரித்து, மூங்கிலையும் தகரத்தையும் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் மேட்டுக்குக் குடி போனார்கள். பள்ளி விட்டதும் மதினியும் போய்ச் சாமான் தூக்கினாள்.

ஐப்பசி பிறந்து சிறுமலைமேல் மேகம் இறங்கியது. பிடித்த மழை விடவில்லை. எக்ஸ்சேஞ்சில் லைன்கள் ஒன்றொன்றாகச் செத்தன. மிச்சம் இருந்தவற்றில், கன்னிவாடிப் பக்கம் குளம் உடைந்துவிட்டதாம், ரோடு அறுந்துவிட்டதாம் என்று நிஜமும் புரளியுமாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், மதினி சாப்பிடாமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நினைத்தது நடக்கிறது என்ற பெருமை துளியும் அந்த முகத்தில் இல்லை. பயம்தான் இருந்தது. மேடு தாங்குமா, கரை தாங்குமா, யாராவது கோழியைப் பிடிக்க, மறந்த பாத்திரத்தை எடுக்கக் கீழே இறங்கியிருப்பார்களா? வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மழை வெறித்து வானம் தெளிந்த அன்று காலையில் மதினி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் ஓடினேன். குளத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் விரிந்து கிடந்தது. குடிசைகள் இருந்த பள்ளத்தில் இடுப்பளவுக்கு மேல் நின்றது. பிளாட்டுகளில் கணுக்கால் அளவு சேறு. மஞ்சள் கற்கள் பாதி சாய்ந்திருந்தன. நூல் அங்கங்கே அறுந்து, மிச்சம் தண்ணீருக்கு வெகு மேலே, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நிறைகுளம் இல்லை. பாதிகூட இல்லை.

மேட்டில் அடுப்புப் புகை தெரிந்தது. மதினி ஒவ்வொரு குடிசையாகத் தலையை விட்டு ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். ஒரு கிழவருக்குச் சளி, அவ்வளவுதான். பேச்சியம்மா ஈர விறகை ஊதிக்கொண்டே சிரித்தாள்.

"டீச்சர், உன் கோடு பொய்யாப் போச்சே! தண்ணி அம்புட்டு ஒசரம் வரலையே!"

"பொய்யாவே போகட்டும் பேச்சியம்மா, பொய்யாவே போகட்டும்," என்றாள் மதினி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் பேச்சியம்மா கொடுத்த கேப்பைக் களியை இரண்டு உருண்டை தின்றாள். பிறகு வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள். கட்டிலுக்கு அடியில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தான். மில் சட்டை, கையில் குடை. வேலைக்குக் கிளம்பியவன் பஸ் ஏறாமல் இங்கே வந்திருக்கிறான். மேட்டையும் குளத்தையும் ஒருமுறை பார்த்தான். கட்டிலைப் பார்த்தான்.

"எழுப்பவா?" என்றேன்.

"வேணாம். தூங்கட்டும்."

பல நாளைக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. மதினியின் முகத்தில் நேராக விழுந்தது. அண்ணன் குடையை விரித்து, கட்டில் பக்கத்தில் நின்று, முகத்துக்கு நிழல் விழும்படி பிடித்துக்கொண்டான். பேச்சியம்மாவும் மற்றப் பெண்களும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வேறெங்கோ பார்ப்பதுபோல் சிறுமலையைப் பார்த்துக்கொண்டு, வெயில் நகர நகரக் குடையையும் நகர்த்திக்கொண்டு, அவள் எழுந்திருக்கும் வரை அங்கேயே நின்றான்.